வெல்லத் தண்ணீரில் முப்பத்தொன்று

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளிக் கோடு. கிணற்றடித் துவைகல்லில் தொடங்கி, ஈர மண்ணைக் கடந்து, முட்டைக்கோஸ் பாத்தியின் முதல் வரிசையில் போய் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு நாற்று நின்றது. தண்டு இருந்தது, இலை இல்லை. பக்கத்து நாற்றும் அப்படியே. எண்ணிப் பார்த்தேன். அறுபதில் ஏழு போயிருந்தன.

நேரம் எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். அப்பாவின் டைம்பீஸுக்குச் சாவி கொடுப்பது, நான் ஆறாவது படித்த அந்த வருடம், என் பொறுப்பு. நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சாமான் நினைவிருக்கும்: தலைமேல் இரண்டு மணி, நடுவில் ஒரு சுத்தி, இருட்டில் பச்சையாகத் தெரியும் முட்கள். எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். எங்களுடையது நாளுக்கு நான்கு நிமிடம் பிந்தும். அந்த நான்கையும் சேர்த்துத்தான் ஐந்து ஐம்பது என்கிறேன்.

எங்கள் ஊர் அரூரிலிருந்து ஏழு மைல். அப்பா கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் மணி அடிப்பது, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு விழுந்தால் ஜெபம் சொல்வது எல்லாம் அப்பாதான். கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி மாமா போட்ட பாத்தி.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தாறு வயது. நான்கைந்து வருடம் சித்தேரி மலைப்பக்கம் இருந்தார். அங்கே என்ன வேலை செய்தார் என்பதை வீட்டில் யாரும் என் முன்னால் சொன்னதில்லை. குடிப்பார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது. குடிக்கிறவன் என்றால் போலீசுக்குப் பயந்து குடிக்கிறவன் என்று அர்த்தம். அந்தச் சித்திரையில் அம்மா போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா சாமியார் முன்னால் மண்டியிட்டு, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

சாமியார் அதோடு விடவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு போர்டிங் பள்ளியில் தோட்டக்காரர் வேலை காலியாக இருந்தது. தங்க இடம், சாப்பாடு, சம்பளம். அதற்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். அப்பா எழுத வேண்டும், சாமியார் கையெழுத்துப் போட வேண்டும். சாமியார் ஒரு காகிதப் பொட்டலத்தில் முட்டைக்கோஸ் விதை கொடுத்தார். "கிறிஸ்மஸ் வரைக்கும் குடிக்காம இரு. இதையும் காய் பிடிக்க வச்சுக் காட்டு. கடிதம் தர்றேன்" என்றார். எங்கள் ஊரில் அதுவரை யாரும் கோஸ் வைத்ததில்லை. சந்தையில் வாங்கித்தான் பார்த்திருக்கிறோம்.

புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி முதல் வாரத்தில் அறுபது நாற்றைப் பிடுங்கி நட்டார். நட்ட மூன்றாம் நாள் விடியலில்தான் நான் அந்த வெள்ளிக் கோட்டைப் பார்த்தேன்.

வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளி இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி. அப்பாவுக்கு வெட்டுக்கிளி. மாமாவோ குனிந்து தண்டைப் பார்த்தார். "கோழின்னா கொத்தியிருக்கும். இது நக்கியிருக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் துப்பறிந்தது. அடுத்த நாள் இன்னும் மூன்று போயிற்று.

துவைகல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை நான் புரட்டினேன். அடியில் இருந்தன. நத்தைதான், ஆனால் முதுகில் ஓடு இல்லை. என் நடுவிரல் நீளம். கரிய முதுகு, நடுவில் நூல் போட்டதுபோல் மங்கலான ஒரு கோடு. தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. சிறிது நேரம் கழித்து முன்பக்கம் நான்கு கொம்பு வெளியே வந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல்கொம்பின் நுனியில் கடுகை விடச் சின்னதாக ஒரு புள்ளி. அதுதான் கண் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அது என்னைப் பார்க்கிறதா, நான் அதைப் பார்க்கிறேனா என்பதே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கன்னடக் குடும்பம். மாட்டு வியாபாரம். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதைக் கொல்லக்கூடாதுடி" என்றாள். "இது பசவன ஹுளு. எங்க நந்தி சாமி பசவண்ணனோட புழு. எங்கம்மா பாத்தா திட்டும்."

"உங்க பசவன் எங்க மாமாவோட கோஸைத் திங்கறானே."

"புழு திங்குது. பசவன் எங்க திங்கறாரு?"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பிடிப்பது நான். எண்ணுவது இருவரும். பிடித்ததைச் சேப்பங்கிழங்கு இலையில் வைத்து வாய்க்கால் அந்தக் கரையில் விட்டுவிட்டு வருவது அவள்.

பிடிக்க வேண்டுமானால் வரவழைக்க வேண்டும். எதற்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வாத்தியாரைக் கேட்டேன். "நத்தை மண்ணைத் தின்னும்" என்றார். அது தவறு என்பது பாத்தியைப் பார்த்தாலே தெரிந்தது. எனவே நாங்களே பார்ப்பது என்று தீர்மானித்தோம். பழைய பூகோள நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். இடதுபக்கம் நாள், வலதுபக்கம் ஐந்து கட்டம்.

ஐந்து கொட்டாங்குச்சி. வாய் மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்தோம். ஒன்றில் அரிசி கழுவிய தண்ணீர். ஒன்றில் மோர். ஒன்றில் பப்பாளித் தோலைப் பிசைந்து போட்டது. ஒன்றில் கேழ்வரகுக் கூழ். ஒன்றில் வெல்லத் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் வைத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்ப்போம்.

முதல் நாள் கணக்கு: கழுவிய தண்ணீர் பூஜ்யம். மோர் ஒன்று. பப்பாளி நான்கு. கூழ் ஆறு. வெல்லம் இரண்டு, மற்றபடி எறும்பு.

எனக்குக் கூழ்தான் வென்றது. "நாம திங்கறதத்தான் அதுவும் திங்குது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். சிநேகிதி ஒத்துக்கொள்ளவில்லை. கூழ்க் கொட்டாங்குச்சி செடிக்குப் பக்கத்தில் இருந்தது, கழுவிய தண்ணீர் வேலியோரம் இருந்தது என்று காட்டினாள்.

"எங்க வூட்டு வாசல்ல சோறு வச்சா எங்க நாய்தான் திங்கும். உங்க நாயா வரும்?"

அவள் சொன்னது சரி. பின்னாளில் பத்திரிகையில் வேலை பார்த்தபோது எத்தனையோ புள்ளிவிவரம் என் மேஜைக்கு வந்திருக்கிறது. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் அந்த வேலியோரத்தில் வந்தது. அடுத்த நாளிலிருந்து தினமும் இடத்தை மாற்றினோம். இன்று செடியருகே இருப்பது நாளை வேலியருகே. ஐந்து நாளில் ஒரு சுற்று.

சுற்று முடிந்தபோதும் கூழ்தான் முன்னால் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. கூழ் புதிதாக இருந்த நாளில் இரண்டு, புளித்த நாளில் எட்டு. ஒரு நாள் மழையில் வெல்லத் தண்ணீரை மாற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் அதன் மேல் வெள்ளை நுரை. உள்ளே ஒன்பது. அன்றைக்கு எல்லாவற்றையும் விட அதுதான் அதிகம்.

சிநேகிதி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு இனிப்பு வேணாண்டி. நாத்தம் வேணும்."

அதற்குப் பிறகு மற்ற நான்கையும் விட்டோம். வெல்லத் தண்ணீர் மட்டும். ஒரு நாள் பழையது, இரண்டு நாள் பழையது, மூன்று நாள் பழையது, நான்கு, ஐந்து. மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும்தான் போட்டி. ஐந்தாம் நாள் காடியாகிவிடும். அதை நத்தை சீண்டுவதில்லை.

இதில் ஒரு சங்கடம். வெல்லம் அடுப்படி ஜாடியில் இருந்தது. அம்மா வெளியே போகும் நேரம் பார்த்து எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு எலுமிச்சை அளவு. கேட்டால் கொடுத்திருப்பாரோ என்னவோ. நத்தைக்கு வெல்லம் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. மாமா ஒரு தடவை பார்த்துவிட்டார். மேலே பார்த்துக்கொண்டு, "மழை வரும்போல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டாங்குச்சி ஆழம் போதவில்லை என்பது அடுத்த கண்டுபிடிப்பு. சில நாள் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் வெள்ளிக் கோடு உள்ளே போய் வெளியே வந்திருக்கும். குடித்துவிட்டுப் போயிருக்கிறது. போகிற வழியில் ஒரு நாற்றையும் தின்றிருக்கிறது. விருந்து வைத்துக் கூப்பிட்டு வீட்டைக் கொள்ளை கொடுத்தமாதிரி. நாற்று நாற்பத்து மூன்றாகிவிட்டது.

மாமா அப்போதெல்லாம் விடிவதற்கு முன்னால் எழுந்து, பாத்தியருகில் குந்திக்கொண்டிருப்பார். பீடி கூடப் பற்றவைக்க மாட்டார். ஒரு நாள் அப்பா வந்து பார்த்து, "இப்படியே போனா சாமியாருக்குத் தண்டுதான் கொண்டுபோய்க் காட்டணும்" என்றார். மாமா, "பாப்பா ஏதோ பண்ணுதுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். அப்பா சிரித்துவிட்டுப் போனார். நான் என்ன பண்ணுகிறேன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து மண் கலயம் கிடந்தது. உப்புக்கும் புளிக்கும் வைத்திருந்தவை. விளிம்பு உடைந்ததால் அம்மா ஒதுக்கிவிட்டார். வயிறு அகலம், வாய் குறுகல். விழுந்தால் ஏற முடியாது. அவற்றைக் கழுத்துவரை புதைத்தேன். விளிம்பு அரை விரல் மண்ணுக்கு மேலே. மழைத் தண்ணீர் விழாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஓர் உடைந்த கூரை ஓடு, ஒரு பக்கம் கல் வைத்துத் தூக்கியபடி. சிநேகிதி பார்த்தாள்.

"இதுல விழுந்தா செத்துரும்."

"சாகும்."

"அப்ப நான் கையால தொடமாட்டேன். எண்ணித் தர்றேன்" என்றாள். சொன்னபடியே, வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே எண்ணினாள்.

கலயம் வைத்த வாரம் விடாத தூறல், குளிர். வெல்லத் தண்ணீர் மூன்றாம் நாளும் அப்படியே கிடந்தது. நுரை இல்லை, வாசனை இல்லை, நத்தை இல்லை. நான் ஓட்டைத் தூக்கித் தூக்கி மோந்துகொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்தில் குந்தினார். அவரும் மோந்து பார்த்தார்.

"குளிருக்குப் பொங்காது கண்ணு. வேலம்பட்டை ஒரு துண்டு போட்டுப் பாரு. மூணாம் நாள் பொங்கிரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்துபோய், வேலியோர வேலமரத்தில் கையகலம் பட்டையை உரித்துக்கொண்டு வந்து, ஐந்து துண்டாக்கிக் கொடுத்தார். அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். நான் நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே எழுதினேன்: மாமா சொன்னது, வேலம்பட்டை ஒரு துண்டு.

மூன்றாம் நாள் பொங்கியது. அது ஒரு சனிக்கிழமை. ஐந்து கலயத்திலும் நுரை. எண்ணிக்கை ஆறு, நான்கு, ஒன்பது, ஐந்து, ஏழு. மொத்தம் முப்பத்தொன்று. சிநேகிதி இரண்டு தடவை எண்ணினாள். அன்றைக்கு ஒரு நாற்றுகூடப் போகவில்லை. நான் கலயங்களைக் காலி செய்து, நத்தைகளை எருக்குழியில் கொட்டி, பட்டையைத் திரும்பப் போட்டு, தனியாகக் கலந்து வைத்திருந்த புளித்த தண்ணீரை ஊற்றி மூடினேன். வெற்றியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாமாவுக்கு நோட்டோடு காட்டலாம் என்று நினைத்தேன். முப்பத்தொன்று என்பது ஒரு நாள் எண். இரண்டு நாள் எண் கையில் இருந்தால் நல்லது.

ஞாயிறு காலை ஐந்து நாற்பத்தைந்து. பாத்தியோரம் ஐந்து குழி. கலயம் இல்லை, ஓடு இல்லை. குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கலயங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கையில். நான்கு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வாயத் தொறக்காத" என்றார். "அப்பா காதுல விழக்கூடாது. போய்ப் பாவாடைய மாத்து."

வெல்லம் திருடியது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பூசை முழுக்க அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அம்மா நினைத்தது வேறு. முதல் நாள் சாயங்காலம் அவர் பாத்தியோரம் கறிவேப்பிலை பறிக்கப் போயிருக்கிறார். ஓட்டைப் பார்த்திருக்கிறார், தூக்கியிருக்கிறார். கழுத்துவரை புதைத்த பானை, வெல்லம், வேலம்பட்டை, நுரை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: ஊறல். காய்ச்சினால் சாராயம். சாராயம் காய்ச்சுகிறவர்கள் போலீஸ் கண்ணில் படாமல் இருக்கக் காட்டில் அப்படித்தான் புதைத்து வைப்பார்கள். ஜாடியில் வெல்லம் குறைந்ததையும் அவர் கவனித்திருந்தார். தம்பி பட்டை உரித்ததைக் கிணற்றடியிலிருந்து கண்ணால் பார்த்திருந்தார். மூன்றையும் கூட்டினால் வருகிற விடை ஒன்றுதான். அப்பா பார்ப்பதற்கு முன்னால் தோண்டி எடுத்து, எருக்குழியில் கொட்டி, பானையின் வாசனையையும் போக்கிவிட வேண்டும் என்று விடிவதற்குள் எழுந்திருக்கிறார்.

அவருக்குத் தெரியாதது: அப்பாவும் பார்த்துவிட்டார். அதே சனிக்கிழமை குளிக்கப் போனபோது அவர் கால் ஓட்டில் பட்டிருக்கிறது.

பூசை முடிந்து சாமியார் போனார். அவரிடம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அங்கவஸ்திரத்தை மடித்து ஆணியில் போட்டுவிட்டு, மாமாவைக் கூப்பிட்டார். மாமா கைகட்டி நின்றார்.

"அஞ்சு பானை. நேத்தே பாத்துட்டன். பூசை முடியட்டும்னு இருந்தன். காலையில போனா குழிதான் இருக்குது. எங்க ஒளிச்ச?"

"நான் எடுக்கலீங்க மச்சான்."

"அப்பப் பானை நடந்து போச்சா?"

"நான் எடுக்கலீங்க."

"நீ வச்சதா இல்லையா, அதச் சொல்லு."

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. வெல்லத்துக்காக என்னை அடிப்பார்கள் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

"அது என்னுதுங்கப்பா" என்றேன்.

"எது?"

"பானை. நத்தைக்கு வச்சேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நத்தைக்கு ஊறல் போட்டியா?"

வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து சிநேகிதியின் குரல் வந்தது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. "ஆமாங்க. நேத்து முப்பத்தொண்ணு. நானே எண்ணுனேன்."

நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் எதையும் பாதியில் விட்டுப் படிக்கிறவர் இல்லை. மோர் ஒன்று, பப்பாளி நான்கு. இடம் மாற்றியது. மூன்றாம் நாள், நான்காம் நாள். நடுவில் ஒரு தடவை, "இவ்வளவு எப்ப எழுதுன?" என்றார். அவர் முகம் தளர்ந்துகொண்டே வந்தது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் விரல் நின்றது.

"மாமா சொன்னது, வேலம்பட்டை ஒரு துண்டு" என்று உரக்கப் படித்தார். நிமிர்ந்தார். "நீயா சொன்ன?"

"ஆமாங்க."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல."

"பாப்பா எழுதி வச்சிருக்குதுங்களே."

அப்பா நோட்டை மூடினார். அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்லல. அது போதும்" என்றார். மாமாவின் கட்டிய கை தளர்ந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அப்பா எழுந்திருக்கும்போது, வெறுமனே ஒரு சந்தேகம் தீர்ப்பதுபோலக் கேட்டார். "சரி, பானைய எடுத்தது யாரு?"

அடுப்படி நிலையில் அம்மா நின்றிருந்தார். "நாந்தான்."

மாமா நிலைக்கு அப்பால் பார்த்தார். கலயங்கள் ஐந்தும் சாம்பல் வெளுப்போடு வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லக்கா."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவ" என்றார் அம்மா. "முன்னாடியும் அப்படித்தான சொன்ன."

மாமா தலையாட்டினார். "சொன்னன்தான்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். குழிகளை மூடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குழிகளில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "பானையக் கொண்டா கண்ணு" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவே ஒரு கலயத்தில் வெல்லம் கரைத்தார். ஜாடியிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமை விடியலில் அப்பா டைம்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து எண்ணினார். அந்த ஒரு கலயத்தில் பதினொன்று. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். சாமியார் மூக்கைச் சுளித்தார், குனிந்து பார்த்தார், என் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். அது திரும்பி வரவில்லை.

நாற்பத்து மூன்று நாற்றில் இரண்டு வேர் அழுகிப் போயிற்று. மற்ற நாற்பத்தொன்றும் காய் பிடித்தன. அம்மா அந்தக் கார்த்திகையிலும் மார்கழியிலும் தம்பிக்குப் பிடித்ததாகவே சமைத்தார். கருவாட்டுக் குழம்பு, அவரைப் பருப்பு, பச்சைப்பயிறுக் கடையல். மாமா எல்லாவற்றையும் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா தம்பி" என்றால், "போதுங்கக்கா" என்பார். முன்னெல்லாம் அவர் அம்மாவை வா, போ என்றுதான் பேசுவார். "ங்க" எப்போது சேர்ந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

இன்று அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வரவில்லை. அவர் பார்த்த மூன்றும் உண்மை. வெல்லம் குறைந்தது உண்மை, பட்டை உரித்தது உண்மை, பானை புதைத்தது உண்மை. நான் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான்காவது ஒன்றும் அவரிடம் இருந்திருக்கும். இரண்டாம் நாள் எண்ணுக்காகக் காத்திருந்தேன்.

கிறிஸ்மஸ் பூசைக்கு மாமா சாக்கில் கோஸ் சுமந்துபோய்க் கோயில் வாசலில் அடுக்கினார். சாமியார் ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தார். அன்றே கடிதத்தில் கையெழுத்தானது. அப்பா எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். நாணயமானவர், உழைப்பாளி, மதுப்பழக்கம் இல்லாதவர், தோட்டப் பூச்சிகளைப் பற்றி நல்ல அறிவுள்ளவர் என்று இருந்தது. மாமா அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திருநாள் முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை. அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். சாலைவரை நானும் சிநேகிதியும் போனோம். "நத்தை வந்தா எழுது கண்ணு" என்றார். எந்த விலாசத்துக்கு என்று நான் கேட்கவில்லை. தர்மபுரிப் பள்ளிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வருவதற்கு முன்னால் எங்களை வீட்டுக்குத் துரத்திவிட்டார். எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

தை மாத நடுவில் அந்தப் பள்ளியிலிருந்து அப்பாவுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. தாங்கள் அனுப்புவதாகச் சொன்ன தோட்டக்காரர் இதுவரை வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தது.